கோளாறு கையிலா, கிட்டாரிலா?

பொழுதுபோக்காகக் கிட்டார் வாசிக்கிறவர் வீட்டில் பெரும்பாலும் இரண்டு கிட்டார்கள் இருக்கும். ஒன்று வாசிப்பது. இன்னொன்று கம்பி கழற்றியோ, பிரிட்ஜ் பெயர்ந்தோ, உள்ளே ஒயர் அறுந்தோ பீரோவுக்கு மேல் கிடப்பது. "நேரம் கிடைக்கும்போது சரிசெய்துகொள்ளலாம்" என்று வைத்தது. சில வருடங்களில் வாசிக்கிற கிட்டாரும் அதன் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள், வாசித்தவரே அதை நம்பவும் ஆரம்பித்துவிடுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயிற்சி நின்றுபோவதற்கும் பழுதுவேலை பாதியில் நிற்பதற்கும் பின்னால் பெரும்பாலும் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. கோளாறு ஓரிடத்தில் இருக்க, அவை நம்மை வேறிடத்தில் தேடவைக்கின்றன.

"என் கைக்கு எஃப் கார்டு வராது"

புதிதாகக் கற்பவர்களில் அதிகம் பேரை விரட்டுவது இந்த நம்பிக்கைதான் என்பது என் கணிப்பு. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். சத்தம் வராது, வந்தாலும் பிசிறடிக்கும். உடனே கை சின்னது, விரலில் பலமில்லை, வயது போய்விட்டது என்று மூன்றில் ஒரு தீர்ப்பைத் தனக்குத்தானே எழுதிக்கொள்வார்.

கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் வண்டிவீடு 1928-இல் தீப்பிடித்தபோது அவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய செயலிழந்தன. மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்துத்தான் ஐரோப்பிய ஜாஸ் கிட்டாருக்கே அவர் ஒரு பாணியை உருவாக்கினார். வெஸ் மான்ட்கோமரி ஆறு கம்பிக் கிட்டாரைத் தீவிரமாகக் கையிலெடுத்ததே இருபது வயதை ஒட்டித்தான். இவர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் டோனி அயோமி. 1965-இல் பர்மிங்ஹாமில் ஒரு தகடு வேலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி, கம்பி அழுத்தும் கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பிறகு சுருதியையும் இறக்கினார். கைக்கு ஏற்றபடி கருவியை மாற்றினார் என்பதுதான் இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

எஃப் கார்டு வராத பலரிடம் கருவியை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். கிட்டாரின் தலைப்பக்கத்தில், கம்பிகள் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டிய ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதுதான் நட். நல்ல கிட்டாரில் எலும்பு, மலிவானதில் பிளாஸ்டிக். பள்ளம் ஆழமாகிவிட்டால் திருத்துவது தனி வேலை, மேலோட்டமாக இருந்தால் பிறகு அறுத்துக்கொள்ளலாம். அதனால் விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் பள்ளம் மேலோட்டமாகவே கடைக்கு வருகின்றன. முதல் ஃப்ரெட்டில் கம்பி தேவைக்கு மேல் உயரமாக நிற்கிறது. எஃப் கார்டு பிடிக்கும் இடமும் அதுதான்.

சோதிப்பது எளிது. ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் பாருங்கள். ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி இருந்தால் போதும். கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்தால் நட் உயரம். இன்னொரு வழி, முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு அடுத்த ஃப்ரெட்டில் அதே எஃப் வடிவத்தைப் பிடிப்பது. கேப்போ மாட்டியதும் நட்டுக்கு வேலையில்லாமல் போய்விடும். அப்போது கார்டு சட்டென்று கைவந்தால், இத்தனை மாதமும் உங்கள் விரலை நீங்கள் வீணாகத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

உயரமான நட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். ட்யூனரில் ஆறு கம்பியும் சரியாகக் காட்டும், ஆனால் சி கார்டு பிடித்தால் காதில் உறுத்தும். தனக்குச் சுருதி ஞானம் இல்லை என்று நினைப்பார் கற்பவர். உறுத்தல் தெரிகிறதென்றால் ஞானம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

"ட்ரஸ் ராடைத் திருகினால் கம்பி இறங்கும்"

இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. லைட் செட் என்று விற்கும் எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் வைக்கும் இரும்புத் தண்டுதான் ட்ரஸ் ராட். கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மக்ஹ்யூவின் வடிவமைப்புக்கு 1923-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் வேலை கழுத்தின் வளைவைச் சரிசெய்வது மட்டுமே. வளைவு நிமிர்ந்தால் கம்பி கொஞ்சம் இறங்குவது உண்மைதான், ஆனால் அது பக்கவிளைவு.

முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலைச் சேரும் இடத்திலும் ஒரே கம்பியை அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது, தண்டைத் தொடவே வேண்டாம். அதிகம் இருந்தால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் பாருங்கள். மக்கர் செய்தால் கம்பிகளைத் தளர்த்திவிட்டு முயலலாம். பலம் போட்டால் மரை வழுக்கிவிடும், சில சமயம் தண்டே முறிந்துவிடும்.

கழுத்து சரியாக இருந்தும் கம்பி உயரமென்றால் பார்க்க வேண்டியது சேடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் துண்டை. அதன் அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்து இறக்குவார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் கை நடுங்காது.

நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டார்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் தண்டே கிடையாது. அவை 40 கிலோ சுமாரான இழுப்புக்காகக் கட்டப்பட்டவை. "சத்தம் நல்லா வரும்" என்று அதில் எஃகுக் கம்பி ஏற்றுவதுதான் பிரிட்ஜ் பெயர்வதற்கு நான் அறிந்த மிக நேரான வழி. நமது ஊர்களில் இது இன்னும் நடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

சுருதி நிற்காவிட்டால் "கீ போயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள். கீ என்று நாம் சொல்லும் முறுக்காணிகள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. புதுக்கம்பி இழுபட்டு அடங்கியிருக்காது, அல்லது ஆணியில் சுற்று ஒழுங்காக விழுந்திருக்காது, அல்லது நட் பள்ளத்தில் கம்பி பிடித்துக்கொள்ளும். முறுக்கும்போது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் மூன்றாவதுதான் காரணம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும். மேலிருந்து இறக்கிச் சேர்த்தால் பல்சக்கரத்தில் இருக்கும் தளர்வு கொஞ்ச நேரத்தில் கம்பியை இன்னும் இறக்கிவிடும்.

"தினம் நாலு மணி நேரம் முடிந்தால்தான் பயன்"

வேலைக்குப் போகிறவரை உட்காரவிடாமல் செய்வது இந்த ஒரு வரி. நாலு மணி நேரம் இல்லை, அதனால் இன்று வேண்டாம் என்று நாள் தள்ளிப்போகும். இதற்கு ஆதாரமாகப் பத்தாயிரம் மணி நேரக் கணக்கைக் காட்டுவார்கள். அந்த எண் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மால்கம் கிளாட்வெல் 2008-இல் ஒரு நூலில் அதை விதிபோல எழுத, உலகமெங்கும் பரவியது. உண்மையில் அது மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி. அந்தக் குழுவிலேயே பலர் அதை எட்டியிருக்கவில்லை. எரிக்ஸனே பின்னால் இதைச் சுட்டிக்காட்டினார். இத்தகைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 21 சதவீதத்தையே திட்டமிட்ட பயிற்சி விளக்குகிறது என்று கண்டது. பயிற்சி வேண்டும், ஆனால் மணிக்கணக்கு மட்டுமே மந்திரம் அல்ல. அதே பெர்லின் ஆய்வில் சிறந்த மாணவர்கள் இடைவெளி விட்டுப் பயின்றார்கள், பகலில் கொஞ்சம் தூங்கவும் செய்தார்கள் என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஓய்வுக்கு இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைப் பத்து விநாடி தட்டவைத்தார்கள், பத்து விநாடி ஓய்வு கொடுத்தார்கள், இப்படியே திரும்பத் திரும்ப. தொடக்கக் கட்டத்தில் வேகம் கூடியது பெரும்பாலும் தட்டும்போது அல்ல, அந்தச் சின்ன ஓய்வுகளின்போது. விரல் நினைவு என்று நாம் சொல்வது விரலில் இல்லை, மூளையில் இருக்கிறது. அது பதிவதற்கு இடைவெளியும் இரவுத் தூக்கமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மொத்தமாக உட்காருவதைவிடத் தினம் இருபத்தைந்து நிமிடம் மேல் என்பதற்கு இதுவே அடிப்படை.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் என்ன செய்வது? தெரிந்த பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறை வாசிப்பதைப் பயிற்சி என்று நினைக்கிறோம். அது வாசிப்பு, அதில் இன்பம் உண்டு, அதுவும் வேண்டும். ஆனால் தடுக்கும் இடம் நான்கு விநாடிதான் இருக்கும். ஜி-யிலிருந்து பி மைனருக்குக் கை மாறும் அந்த ஒரு இடம். முழுப்பாட்டை வாசித்தால் அந்த நான்கு விநாடி மூன்று முறைதான் வரும், மூன்று முறையும் தப்பாகவே பதியும். அந்த மாற்றத்தை மட்டும் எடுத்து, ஒரு நிமிடத்தில் சுத்தமாக எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று பாருங்கள். பிறகு வேறொன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். ஒன்றையே அரைத்துக்கொண்டிருக்காமல் மாற்றி மாற்றிச் செய்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம் அதிகமாகத் தெரியும், ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தால் அப்படிச் செய்தவர்களுக்கே கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று ஷீயாவும் மார்கனும் 1979-இல் கைவேலைச் சோதனை ஒன்றில் காட்டினார்கள். இன்றைக்குச் சரளமாக வருவதை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்கக் கூடாது.

"மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தால் வேகம் தானாக வரும்" என்பதும் முழு உண்மை அல்ல. மெதுவாக வாசிக்கையில் விரலைத் தாராளமாகத் தூக்கி வைக்கிற அசைவு, வேகத்தில் செல்லுபடியாகாது. இதற்கு நம் கர்னாடக இசைப் பாடமுறையிலேயே தீர்வு இருக்கிறது. சரளி வரிசையைத் தொடக்கப் பாடத்திலேயே மூன்று காலத்திலும் பாடவைப்பார்கள். தாளம் மாறாது, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மெட்ரோனோமை 60-இல் வைத்துக்கொண்டு கிட்டார் ஸ்கேலையும் இப்படியே வாசிக்கலாம். மெதுவான காலத்தில் காது கேட்கிறது, வேகமான காலத்தில் கை தன் வீண் அசைவுகளைக் காட்டிக்கொடுக்கிறது. மெட்ரோனோம் வாசிப்பை இயந்திரமாக்கும் என்ற பயத்துக்கும் இதுவே பதில். தாளம் போட்டுப் பாடி யாரும் இயந்திரமாகிவிடவில்லை.

வலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விரல்நுனி எரிவது இயல்பு, சில வாரங்களில் தோல் தடித்துப் பழகிவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால் அது பழக வேண்டிய வலி அல்ல. அன்றைக்கு நிறுத்துங்கள், மறுபடி நட்டையும் சேடிலையும் பாருங்கள், வலி நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். வலிக்க வலிக்கத்தான் கை பழகும் என்று சொல்கிற ஆசிரியர் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

"பிரிட்ஜ் தூக்கினால் கொஞ்சம் பசை விட்டு அமுக்கினால் போதும்"

பாதியில் நிற்கும் வேலைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. பெயர்ந்த இடுக்கில் உடனடிப் பசையை விட்டு, மேலே கனமாக எதையாவது வைப்பார்கள். இரண்டு வாரம் நிற்கும். பசை இடுக்கின் விளிம்பில்தான் பிடித்திருக்கும், உள்ளே போயிருக்காது. அடுத்த முறை பெயரும்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பழைய பசையின் மேல் புதுப்பசை நிற்காது என்பதே அடிப்படை. பிரிட்ஜைச் சூடு காட்டி முழுதாக எடுத்து, இரு பக்கமும் சுரண்டி, மரத்தோடு மரம் படியும்படி மெல்லிய பசை வைத்து, கிளாம்ப் போட்டு, ஒரு முழுநாளாவது விட வேண்டும். வெள்ளை மரப்பசை நீர் வற்றித்தான் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது இன்னும் அதிக நேரம் கொடுங்கள். பழைய ஆசாரிகள் வஜ்ரம் என்று சொல்லும் தோல்பசையை வயலின், கிட்டார் செய்பவர்கள் இன்றும் விரும்புவதற்குக் காரணம், சூடும் ஈரமும் காட்டினால் அது மரம் கெடாமல் விட்டுக்கொடுக்கும், அடுத்து வருகிறவர் மறுபடி வேலை செய்யலாம். எப்பாக்ஸி அந்த வழியை அடைத்துவிடுகிறது. உடனடிப் பசைக்கும் இடம் உண்டு. நட் பள்ளத்தை ஆழமாக அறுத்துவிட்டால், அதில் ஆப்பசோடாவை நிரப்பி ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகும், திரும்ப அறுக்கலாம். நட்டைத் தொடப் பயந்து ஒத்திப்போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

மழைக்காலத்தில் கம்பி உயர்ந்தால் கழுத்து வளைந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். ஈரம் குடித்து மேல்பலகை உப்பினாலும் பிரிட்ஜ் உயரும். கிட்டாருக்கு இதமான ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகும். ஃப்ரெட் பலகைக்குத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், அது காயாமல் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு சிக்குப் பிடிக்கும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து கெடும் என்பதும் வீண் பயமே. பிரிட்ஜ் ஒட்டாமல் கம்பியின் அழுத்தத்தாலேயே நிற்கும் கிட்டார்களில் மட்டும், அது நகர்ந்துவிடாதபடி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

"முடிக்கவில்லை, ஏனென்றால் பொறுமையில்லை"

பாதியில் நிற்கும் வேலையை எடுத்துப் பார்த்தால், அது நிற்பதற்குக் குறிப்பான ஒரு படி இருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரில் நான் அதிகம் பார்ப்பது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் பாட்டின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்க முடியாமல் நிற்பது. கையில் இருப்பது 25 வாட் சால்டரிங் அயர்ன். அந்த உலோக மூடி சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும், ஈயம் உருண்டையாக உருண்டோடும், வைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே பாட் வெந்துவிடும். ஆள் தனக்குக் கைவேலை வராது என்று மூடிவைத்துவிடுவார். மூடியை உப்புத்தாளால் கீறிவிட்டு, 40 வாட்டுக்கு மேற்பட்ட அயர்னை அகல முனையோடு வைத்தால் சில விநாடி வேலை. இங்கேயும் கையைத் திட்டினோம், கோளாறு கருவியில் இருந்தது. சத்தம் கரகரத்தால் பிக்கப்பை மாற்றும் முன் ஜாக்கை இறுக்கும் மரை தளர்ந்து உள்ளே ஒயர் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், கன்ட்ரோல் பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சில முறை திருப்புங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் இணைப்பு வேலை செய்கிறது என்று பொருள். பழுதென்று பயந்து திறக்க வேண்டாம்.

அதனால் பீரோ மேல் இருப்பதைக் கீழே இறக்கி, தலையில் ஒரு அட்டையைக் கட்டி, அடுத்த ஒரே ஒரு படியை எழுதிவையுங்கள். "சரிசெய்ய வேண்டும்" என்று எழுதாதீர்கள். "0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வாங்க வேண்டும்" என்று எழுதுங்கள். ஒரு கிட்டார் திறந்து கிடக்கும்போது இன்னொன்றைத் திறக்காதீர்கள். எது எப்படியிருந்தாலும் ஒரு கிட்டார் கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து, பெட்டிக்கு வெளியே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பயிற்சி நேரத்தைப் பழுதுவேலைக்குக் கடன் கொடுக்க வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி நாள் வையுங்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ஃப்ரெட்களை மட்டம் பார்த்து அரம் போடுவது, கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றுவது, இவை பழகியவர் கைக்குரியவை. தலை முறிந்துபோன கிட்டாரும் அப்படித்தான். முறிந்தால் கதை முடிந்தது என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீளவாக்கில் சரிவாகப் பிளந்த முறிவு, பசைக்கு நிறையப் பரப்பைத் தருகிறது. நன்றாக ஒட்டினால் பல ஆண்டு முழு இழுப்பையும் தாங்கும். விழுந்தவுடன் கம்பிகளைத் தளர்த்துங்கள். பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்க்காதீர்கள், இழைகள் மழுங்கிவிடும். பசை எதையும் விடாமல், சிதறிய சிம்புகளை ஒரு கவரில் போட்டுக் கிட்டாரோடு சேர்த்து வேலை செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.